உன் புத்தகத்தின் முதல் பிரதி எனக்கு வேண்டாம்

டேய் மகனே,

உனக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது என்பது ஒரு காரணம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் நின்றேன். இன்னொரு காரணம், இதை உனக்கு வாசித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். உன் இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்த சாரிடம் போகாதே. அவர் நல்ல மனுஷன், நான் உன்னைத் திட்டுகிற இடத்தையெல்லாம் பதவிசாக மாற்றிவிடுவார். பெரியம்மாவிடம் போ. என் அக்காவிடம், புருஷனோடு ட்ரினிடாட் தீவுக்குப் போய், ஏழு வயதிலிருந்து உன்னை அங்கே வைத்து வளர்த்தவளிடம் போ. உன் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தானாமே. புத்தகம் இங்கிலீஷில் வெளிவந்து எட்டு மாசம் ஆகிறது, எட்டு மாசமாக நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார். அவள் சத்தமாக வாசிக்கட்டும். அக்கா, நீயும் கேட்டுக்கொள். கண்ணாடியைப் போடு, ஒரு வரியையும் முழுங்காதே. இவனைத் திட்டுகிற இடம் வந்தால் குரலை நன்றாக ஏற்று. என் குரல் மாதிரியே வர வேண்டும்.

இதைத் தபாலில் அனுப்பியிருக்கலாமே, ஏன் பத்திரிகையில் போட வேண்டும் என்று கேட்பாய். புதுக்கோட்டையில் புத்தகத் திருவிழா வருகிறதல்லவா, அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அந்த ஆட்கள் மீமிசல் வரைக்கும் தேடி வந்து, "எழுத்தாளரோட அம்மா நீங்க, ரெண்டு பக்கம் வாழ்த்து எழுதிக் குடுங்க" என்றார்கள். வாழ்த்து என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மனசில் இருப்பதை அப்படியே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு என்னைத் தெரியாது. நீ உலகம் பூராவும் பார்க்கிற மாதிரி என்னை எழுதினாய். நான் புதுக்கோட்டை ஜில்லாவாவது பார்க்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் உன் தமிழ்ப் புத்தக வெளியீட்டு அழைப்பிதழைச் சொல்கிறேன். வழவழவென்று நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள். நூலை வெளியிடுபவர் யாரோ பெரிய மனுஷர். அதற்குக் கீழே, "முதல் பிரதி பெற்றுக்கொள்பவர்: நூலாசிரியரின் தாயார்." என் பேர்கூட இல்லை, தாயார். பெருமாள் கோயிலுக்குள் எனக்கு எப்போது சன்னதி கட்டினீர்கள்? மேடையில் என்னை நிறுத்தி, சால்வை போர்த்தி, புத்தகத்தைக் கையில் கொடுத்து, நாலு பேர் போட்டோ எடுக்க, நான் கண்ணைத் துடைக்க வேண்டும். அதுதானே ஏற்பாடு? நடக்காது. நான் வர மாட்டேன். ஏன் வர மாட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புத்தகத்தை வாசிக்காமல் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தத் தமிழ் சார் முன்கூட்டியே ஒரு பிரதி அனுப்பியிருந்தார், வாசிக்க முப்பத்தேழு நாள் ஆச்சு. காலையில் கரையில் மீன் ஏலம் கூறி முடித்து, ஐஸ் வண்டி வரும்வரைக்கும், மீன் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். பக்கம் பூராவும் செதிள். இன்னும் இருநூறு வருஷம் கழித்து நடக்கிற கதை என்கிறாய். கடல் பாதி ஊரை முழுங்கிவிட்டது. மிச்ச ஊரை ஒரு கம்பெனி ஆளுகிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்தால் ஒரு முறம் தவிடு கிடைக்கும். பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி ஒரு தீவுக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே காதில் பொன் வளையம் போட்ட ஒருத்தி அவர்களை நிறுத்துப் பார்த்து வாங்குகிறாள். கரையில் நின்று பிள்ளைகளை ஏலம் கூறுகிறவள் ஒரு பொம்பளை. அவள் காதுக்குப் பின்னால் செவுள் இருக்கிறது. சொந்தப் பிள்ளையையே ஏலம் கூறுகிறாள். கூறிக்கொண்டே பன்னிரண்டு பக்கம் அழுகிறாள்.

எனக்கு எதுக்குடா செவுள்? இருபத்தைந்து வருஷமாக மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பா கறுப்பா என்று சொல்கிற கை இது. செவுள் எந்த இடத்தில் இருக்கும் என்று என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அப்புறம், அழுதுகொண்டே ஏலம் கூற முடியாது. மூக்கு அடைக்கும், தொண்டை கட்டும், அதற்குள் சுற்றி நிற்கிற வியாபாரி பாதி விலைக்கு முடித்துவிடுவான். கடலை விட்டு ஊர்களை முழுங்க வைக்கிறவன் இந்தச் சின்ன விஷயத்தைச் சரியாக எழுத வேண்டாமா? கரும்பு வெட்ட இங்கேயிருந்து கப்பலில் போனவர்கள் பேரெல்லாம் மறந்துபோய், நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று நாலு அத்தியாயம் எழுதியிருக்கிறாய் அல்லவா, அது நன்றாக இருந்தது. அந்த இடத்தில் ஐஸ் வண்டி வந்து ஹாரன் அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. போதும், இதற்கு மேல் பாராட்டினால் உனக்குத் தலை கனத்துவிடும்.

தவிட்டுக்கு வருவோம். உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளை பிறந்து, இரண்டும் மாசம் திரும்புவதற்குள் போய்விட்டது. மூணாவது நீ. தங்காத வீட்டில் பிறந்த பிள்ளை தங்க வேண்டுமென்றால் அதை அடுத்தவர் பிள்ளையாக்கி, அப்புறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். எமனோ எதுவோ, வந்து பார்த்தால் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஏமாந்து போய்விடுமாம். பதினாறாம் நாள் உன்னை முறத்தில் படுக்க வைத்து அக்கா கையில் கொடுத்துவிட்டேன். அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள். நான் ஒரு முறம் தவிட்டை அவள் மடியில் கொட்டி, "இந்தப் புள்ளைய எனக்குக் குடு" என்று கேட்டேன். அவளுக்கு அப்போது கல்யாணமாகி அஞ்சு வருஷம், குழந்தை இல்லை. உடனே கொடுக்க வேண்டியதுதானே முறை? அவள் உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அப்போதும் வாயை அடக்கவில்லை. "தவிடு பத்தலையாக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டாள்.

நன்றாகக் கேட்டுக்கொள். தவிடு கொடுத்து வாங்கினவள் நான். நீ எழுதினதில் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுக்கிறாள் அம்மா. தலைகீழாக எழுதியிருக்கிறாய். ஆனால் அது உன் தப்பு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கேயிருந்து போன் பண்ணுவாயே, உனக்கு எட்டு வயசு, ஒன்பது வயசு இருக்கும். "என்ன ஏம்மா அனுப்புன?" என்று கேட்பாய். உன் தமிழ் அப்போதே தேய ஆரம்பித்திருந்தது, ஆனால் அந்த மூணு வார்த்தை மட்டும் அப்படியே சுத்தமாக இருக்கும். நான் நிஜத்தையா சொன்னேன்? "ஒன்னத் தவிட்டுக்குத்தான்டா வாங்குனேன். புழுத்துப்போன தவிடுன்னு பெரியம்மா சண்டைக்கு வந்தா, திருப்பிக் குடுத்துட்டேன்" என்பேன். சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். இங்கே எல்லா அம்மாவும் பிள்ளைகளைச் சொல்கிற கேலிதான் அது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சொல்லி முடிப்பதற்குள் ஓடி வந்து அம்மா முதுகில் நாலு அடி வைக்கும். உன் கைக்கு என் முதுகு எட்டாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்த ஒன்பதாவது அத்தியாயம். உனக்குப் பதினாறு வயசில் லீவுக்கு வந்திருந்தாய். நெடுநெடுவென்று வளர்ந்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு, ஏலக்கொட்டகையில் ஒரு ஓரமாக நின்றாய். அன்றைக்கு சீலா மீன் நிறைய வந்திருந்தது, எனக்கு ஒரே குஷி. உன் கையைப் பிடித்து நடுவில் இழுத்து நிறுத்தி, "பாருங்க, பாருங்க, கப்பல்ல வந்த மீனு! உசரம் இருக்கு, சதை இல்ல, முள்ளு ஜாஸ்தி! யாரு கேக்குறீங்க?" என்று ஏலம் கூறினேன். வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டுமா? ஒருத்தன் "ஒரு கூடை நெத்திலி!" என்றான். இன்னொருத்தன், "இங்கிட்டுத் திருப்பு, செவுளப் பாக்கணும்" என்றான். நான் உன் காதை மடக்கிக் காட்டினேன். "ரெண்டு கூடை காரலு, அதுக்கு மேல போகாதுத்தா" என்று மலிவான பொடி மீனில் விலையை முடித்தான். கரையே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரித்தாயா இல்லையா, நீயே சொல். உன் புத்தகத்தில் அது ஒரு வார்த்தை மாறாமல் இருக்கிறது. காதை மடக்குவதுகூட இருக்கிறது. பதினைந்து வருஷம் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்தப் பக்கத்தில்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. உன் மேல்தான். அங்கேயே என் மேல் ஒரு கூடை மீனைக் கவிழ்த்திருக்க வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு இருநூறு வருஷம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு எழுதினால் எனக்கு எப்படித் தெரியும்? கோபம் வந்தால் வந்த இடத்திலேயே காட்டிவிட வேண்டும். உனக்கு நான் சொல்கிற ஒரே புத்திமதி இதுதான்.

ஆனால் நான் மேடைக்கு வராததற்குக் காரணம் இந்தக் கோபம் இல்லை. இது மூணு நாளில் ஆறிவிட்டது. ஆறாதது வேறு.

போன மாசம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி வந்தான். உன்னைப் பற்றி வீடியோ எடுக்கிறானாம். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். "அம்மா, கொஞ்சம் சோகமாப் பாருங்க" என்றான். "எதுக்குப்பா?" என்றேன். "இல்லம்மா, வறுமைல புள்ளையக் குடுத்த தாயில்ல நீங்க. கடலப் பாத்துட்டு நின்னா போதும்." "கடல நான் டெய்லி பாக்குறேன், அது என்னப் பாத்து ஒரு நாளும் அழுததில்லயே" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உன் புத்தகத்தில் நீ எழுதின முன்னுரையைப் பிரித்துக் காட்டினான். அந்த ஏலம் கூறுகிற பொம்பளை ஏழை நாடுகளுக்கெல்லாம் அடையாளமாம். எதுவும் அவள் கையில் இல்லையாம். அவளை மன்னிக்கத்தான் முடியுமாம், குற்றம் சொல்ல முடியாதாம்.

யாரைக் கேட்டு என்னை மன்னித்தாய்? கம்பெனி பறித்தது, அரசாங்கம் பறித்தது, அம்மா பாவம். இப்படி எழுதி என்னைத் தப்பிக்க விட்டுவிட்டு, பழியைத் தூக்கி யார் தலையில் வைத்தாய்? காதில் பொன் வளையம் போட்டவள் தலையில். தீவில் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிறவள் தலையில். அந்த வளையத்தை அக்கா காதில் பார்த்தவர்களுக்கு அவள் யார் என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டுமா? அக்காவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். தமிழில் வருவதற்கு முன்னாலேயே அவள் வாசித்துவிட்டாள். எனக்குப் போன் பண்ணினாள். "நான் வாங்குனவளாடி?" என்று ஒன்று கேட்டாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள். உனக்கு மூச்சிளைப்பு வந்த ராத்திரியெல்லாம் உன்னை நெஞ்சில் சாய்த்து உட்கார்ந்தே தூங்கினவளை நீ தராசோடு நிறுத்திவிட்டாய்.

ஊர்விட்டு ஊர் போகிறவனெல்லாம் தானாகவா போகிறான், போகும்படி யார் பண்ணினது என்று புத்தகம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்விதான். இந்தப் பக்கத்தில் பாதி ஆம்பளைகள் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள். உன் அப்பா பதினாலு வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, இப்போதும் சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்கு முன்னால் யாரிடமோ அனுமதி கேட்கிற மாதிரி சுற்றிப் பார்ப்பார். அந்தக் கேள்வியை வைத்து அவரை எழுது, நானே முதல் ஆளாக வாசிக்கிறேன். என் பக்கம் அதைக் கொண்டுவராதே. என் கையிலிருந்து உன்னை யாரும் பறிக்கவில்லை.

அக்கா, இனிமேல் வருகிற வரிகளை நீ தாண்டிப் போகப் பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியும். தாண்டாதே. இவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், வாசி.

பிள்ளையில்லாத அக்கா லீவில் வந்து, தங்கச்சி பிள்ளையைக் கேட்டு அழுதாள், தங்கச்சி மனசு கேட்காமல் கொடுத்தாள். ஊருக்குத் தெரிந்த கதை இது. உன் அப்பாவுக்கும் இதுதான் தெரியும். உனக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். அக்கா கேட்கவே இல்லை. புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம், மத்தியானம். உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கிவிட்டு வருகிறோம். நீ அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான்தான் சொன்னேன், "இவன நீயே கூட்டிட்டுப் போயிரு, அக்கா."

"என்னடி, வெளையாடுறியா?"

"வெளையாடல."

"ஒம் புருஷங்கிட்ட கேட்டியா?"

"நீ கேட்டன்னு சொல்லிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. "சரி," என்றாள், "நான் கேட்டதாவே இருக்கட்டும்."

ஏன் கொடுத்தேன் என்று கேட்பாய். உனக்கு இளைப்பு, கடற்கரைக் காற்று ஆகாது என்று டாக்டர் சொன்னார் என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. சோற்றுக்கும் பஞ்சமில்லை, உன் அப்பா அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அந்த வருஷம்தான் கரையில் ஏலம் கூறுகிறவருக்குத் தொண்டை போய், ஒரு நாளைக்கு நான் கூறினேன். நான் வாயைத் திறந்ததும் அத்தனை ஆம்பளையும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக. அது எனக்குப் பிடித்திருந்தது. நீ விடியற்காலையில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாய். உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போவேன், அதற்குள் படகு வந்து நின்றிருக்கும். இரண்டும் முடியாது என்று தோன்றியது. இருபத்தெட்டு வயசு எனக்கு. கரையை வைத்துக்கொண்டேன்.

நீ விமானம் ஏறின மறுநாள் நான் அழவில்லை. வழக்கம்போல ஏலக்கொட்டகைக்குப் போனேன். என் குரல் அதுவரைக்கும் அவ்வளவு நன்றாக எடுத்ததில்லை. அதற்கு அப்புறமும் எடுத்ததில்லை. பன்னிரண்டு பக்க அழுகையை நீ எழுதினாயே, அதை வாசிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் போடாத நகையை யாரோ என் கழுத்தில் போட்டுவிட்ட மாதிரி.

இந்த இருபத்துநாலு வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. இங்கே வரும்போதெல்லாம் "புள்ளையத் தூக்கிட்டுப் போனவ" என்று நம் சொந்தத்திலேயே ஜாடை பேசுவார்கள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உன் புத்தகம் வந்த அன்றைக்காவது, "ஒங்கம்மாதான்டா குடுத்தா" என்று உன்னிடம் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. உனக்கு ஒரு அம்மா நல்லவளாக மிஞ்சட்டும் என்று, தான் கெட்டவளாக இருந்துகொண்டாள். நீயானால் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டு, எனக்குச் சால்வை வாங்கி வைத்திருக்கிறாய்.

அதனால்தான் வர மாட்டேன். அந்த முதல் பிரதியை வாங்கிக்கொண்டால் உன் கதை சரி என்று நான் கையெழுத்துப் போட்ட மாதிரி. அழைப்பிதழில் அந்த வரியை அடித்துவிடு. அக்கா பேரைப் போடு, தாயார் கீயார் என்றெல்லாம் எழுதாமல் பேரைப் போடு. அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது, வர மாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான். அப்படியென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

அக்கா, மிச்சமிருக்கிற நாலு வரியையும் வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வை. டேய், அதற்கப்புறம் அவளைப் பேச வைக்காதே, நீ பேசு. தமிழில் திக்கினால் இங்கிலீஷில் பேசு, அவளுக்குப் புரியும். என்னைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காதே. என்னை மன்னிக்கிறேன் என்று இன்னொரு புத்தகம் கிளப்பிக்கொண்டு வந்தால் அதை நெத்திலி மடிக்கத்தான் கிழிப்பேன். உன் கோபம் இத்தனை வருஷம் ஆள் மாறி விழுந்துவிட்டது. அதை அங்கிட்டு வைக்காதே, இங்கிட்டுக் கொண்டுவா. மீமிசலில் இறங்கி ஏலக்கொட்டகை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும் நான் அங்கேதான் இருப்பேன். கரை பூராவும் கேட்கும்படி வந்து திட்டு. நடுவில் படகு வந்தால் கொஞ்சம் நிறுத்திக்கொள், மீன் கெட்டுப்போகும். ஏலத்தை முடித்துவிட்டு வருகிறேன், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பி.